கோபால்ட்–சைக்லாம்–அசிட்டேட் அணைவு: கடற்கரை ஆய்வகத்தில் தயாரிப்பதும் சரிபார்ப்பதும்

கேட்கப்பட்டது இதுதான். கீழக்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். கோபால்ட் குளோரைடையும் சைக்லாமையும் (நான்கு நைட்ரஜன் கொண்ட வளைய மூலக்கூறு) மெத்தனாலில் கலந்து காற்று ஊதி, சோடியம் அசிட்டேட் சேர்த்து, அசிட்டேட் அணைவை, அதாவது வளையமும் அசிட்டேட்டும் கோபால்ட்டைச் சூழ்ந்து பிணைந்த சேர்மத்தை, பிரித்தெடுக்கிறார்கள். ஒரு தடவை சிவப்பூதாவாக வருகிறது, மறு தடவை பச்சை கலந்து வருகிறது. அகச்சிவப்பு நிறமாலையில் 1600 செ.மீ⁻¹ பக்கம் (கீழே வரும் பட்டை எண்களுக்கும் இதே அலகு) எல்லாம் ஒரே குவியல். தனிமப் பகுப்பாய்வில் கார்பன் ஒரு சதவீதம் குறைகிறது. தவறு எங்கே, எதை வைத்து அணைவை நிரூபிப்பது?

மூன்று கோளாறுக்கும் பெரும்பாலும் இரண்டே பேர்தான் காரணம்: குளோரைடும் தண்ணீரும். தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டம்தான், ஆனால் காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் குறைவே இல்லை. வாலிநோக்கம் உப்பளம் வரை போக வேண்டாம். பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீரே உப்புக் கரிக்கும். இரண்டுமே கோபால்ட்டுக்கு ஈனிகள் (உலோகத்தோடு பிணைபவை) என்பதால் அழையாமலே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

முதலில் வரிசை. நீரில் இருக்கும் கோபால்ட்(2) அயனியைக் காற்று ஒன்றும் செய்யாது. கோபால்ட்(3)/(2) ஜோடியின் மின்னழுத்தம் அங்கே +1.9 வோல்ட் அளவில் இருக்கிறது. ஆறு அம்மோனியா சூழ்ந்ததும் அதே ஜோடி +0.1 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். சைக்லாமின் நான்கு நைட்ரஜனும் பிடித்துக்கொண்ட பிறகும் கதை அதுதான். மீன்தொட்டிப் பம்பு ஊதும் காற்றே போதும். ஆகவே வளையம் முதலில், காற்று அடுத்து, அமிலம் கடைசியில். சைக்லாமின் இரண்டு நைட்ரஜன்கள் வலுவான காரம், அந்த வலுவைக் காட்டும் பி.கே.ஏ. மதிப்புகள் 10-க்கு மேல். அமிலத்தை முந்தி ஊற்றினால் புரோட்டான் ஏறிய வளையம் உலோகத்தைத் தொடாது, கரைசல் இளஞ்சிவப்பிலேயே நின்றுபோகும்.

கோபால்ட்(3) மந்தமானது. ஒரு தடவை ஒட்டிய ஈனியை எளிதில் விடாது. ஆக்சிஜனேற்றம் நடக்கும் நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் உள்ளே மாட்டிக்கொள்வார்கள். கோபால்ட் குளோரைடில் தொடங்கிவிட்டு, பிறகு சோடியம் அசிட்டேட்டைப் போட்டு மாற்றிவிடலாம் என்று நம்புவது அதனால்தான் சறுக்குகிறது: டைகுளோரோ (இரண்டு குளோரைடு ஒட்டியது), குளோரோ-அசிட்டேட்டோ (ஒவ்வொன்றிலும் ஒன்று), டைஅசிட்டேட்டோ (இரண்டு அசிட்டேட்) மூன்றும் கலந்து வரும். உங்கள் பச்சை அந்த டைகுளோரோதான். ஒப்பிடுவதற்காகத் தூய டைகுளோரோவைத் தனியாக ஒரு தொகுப்பு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கைகொடுக்கும். ஆனால் அசிட்டேட் அணைவுக்கு குளோரைடே இல்லாத வழியில்தான் போக வேண்டும்.

100 மி.லி. இருகழுத்துக் குடுவையில் கோபால்ட் அசிட்டேட் டெட்ராஹைட்ரேட் 0.50 கிராம் (2 மி.மோல்), மெத்தனால் 15 மி.லி. சைக்லாம் 0.41 கிராமை 10 மி.லி. மெத்தனாலில் கரைத்து, கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். வளையம் இரண்டு சதவீதம் கூட இருப்பது நல்லது. கோபால்ட் கூடினால் பிணைப்பில்லாத கோபால்ட்(2) கடைசி வரை தொல்லை தரும். கால் மணி நேரம் கழித்து காற்று. ஒரு மணி நேரத்தில் கரைசல் கரும்பழுப்பாகும். அதைப் பார்த்துப் பயந்து கொட்டிவிடாதீர்கள். இரண்டு கோபால்ட்டுக்கு நடுவே பெராக்சைடு பாலம் போட்ட இடைநிலைதான் அந்தப் பழுப்பு. இப்போது பனி அசிட்டிக் அமிலம் 2 மி.லி. விட்டு, 50 டிகிரியில் இன்னொரு மணி நேரம் காற்றை ஓட்டுங்கள். அமிலம் பாலத்தை உடைக்கிறது, அசிட்டேட்டும் தேவைக்கு மேல் கிடைக்கிறது. பழுப்பு விலகி சிவப்பூதா தெளியும். மெத்தனால் காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். குடுவையில் மட்டக்கோடு போட்டு வைத்து அவ்வப்போது நிரப்புங்கள். இதெல்லாம் புகைபோக்கிப் பெட்டிக்குள்தான், பக்கத்தில் தீ கூடாது.

ஊதும் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பம்பிலிருந்து நேரே குடுவைக்குக் குழாய் போடுவதுதான் எல்லோரும் செய்வது. அசிட்டிக் அமிலம் சேர்க்கும் வரை கரைசல் காரத்தன்மையில் இருப்பதால் காற்றின் கார்பன் டைஆக்சைடை அது இழுக்கும். விளைவு, கார்பனேட் இரண்டு முனையாலும் கொடுக்குப்போல் பிடித்து ஒட்டிய சிஸ் அணைவு (வளையம் மடிந்து, மற்ற ஈனிகளுக்கான இரண்டு இடமும் அடுத்தடுத்து இருப்பது) கொஞ்சம் கூடவே பிறக்கும். அதன் அகச்சிவப்புப் பட்டை 1600–1650-இல் விழுந்து அசிட்டேட் மாதிரியே நடிக்கும். எனவே முதல் கழுவுபுட்டியில் 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, அடுத்தது சிலிக்கா ஜெல் குழாய், கடைசியில் மெத்தனால் உள்ள சிறு புட்டி என்று காற்றைக் கடத்துங்கள். கடைசிப் புட்டி இருந்தால் குடுவையில் மெத்தனால் இழப்பும் குறையும். ஈரம் நீக்க கால்சியம் குளோரைடு குழாயை வைக்காதீர்கள்; அதன் தூளே குளோரைடைக் கொண்டுவந்து போடும்.

வினை முடிந்ததா என்று பார்க்க ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, அமோனியம் தயோசயனேட்டை அசிட்டோனில் கரைத்த கரைசல் இரண்டு சொட்டு சேருங்கள். நீலம் வந்தால் தனிக் கோபால்ட்(2) இன்னும் இருக்கிறது. வளையத்துக்குள் இருக்கும் கோபால்ட்(3) இதற்கு அசையாது. இதைச் செய்யாமல் நிறத்தை மட்டும் நம்பி வடிகட்டுவதுதான் நான் காணும் மிகப் பொதுவான அவசரம்.

அடுத்தது எதிரயனி, அதாவது நேர்மின் அணைவோடு சேர்ந்து உப்பாக இறங்கும் எதிர்மின் அயனி. பாதி வெற்றியும் தோல்வியும் இங்கேதான் தீர்மானமாகிறது, ஆனால் அலமாரியில் எது இருந்ததோ அதைப் போட்டோம் என்பதுதான் வழக்கமான பதில். பெர்குளோரேட் நன்றாகப் படிகமாகும். ஆனால் கரிம ஈனி உள்ள உலோகப் பெர்குளோரேட் உலர்ந்தபின் வெடிக்கக்கூடியது. 100 மி.கி.-க்கு மேல் செய்யாதீர்கள், சூடாக்காதீர்கள், உலோகக் கரண்டியால் சுரண்டாதீர்கள். நைட்ரேட் வைத்தால் 1384-இல் வரும் அதன் பட்டை கார்பாக்சிலேட்டின் (அசிட்டேட்டின் COO பகுதி) சமச்சீர் பட்டையின் மேலேயே உட்காரும். குளோரைடு உப்பை எடுத்தால், உலர்த்தும் சூட்டில் குளோரைடு உள்ளே புகுந்து பச்சையாக மாறும் வாய்ப்பு உண்டு. ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் பாதுகாப்பானது, தனிமப் பகுப்பாய்வுக்கும் என்.எம்.ஆருக்கும் ஏற்றது, ஆனால் 840-இல் வரும் அதன் பெரிய பட்டை வளையம் மடிந்திருக்கிறதா விரிந்திருக்கிறதா என்று சொல்லும் 800–910 பகுதியை மூடிவிடும். டெட்ராஃப்ளூரோபோரேட்டின் பட்டைகள் 1060, 520 சுற்றி விழுவதால் அந்தப் பகுதி திறந்திருக்கும். என் யோசனை: கரைசலை இரண்டாகப் பிரித்து, பெரும்பங்கை ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட்டாகவும் சிறுபங்கை டெட்ராஃப்ளூரோபோரேட்டாகவும் எடுங்கள்.

ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட்டுக்கு: கரைசலை 8 மி.லி. அளவுக்குச் சுருக்கி, அதன் அமோனியம் உப்பு 0.36 கிராமைக் கொஞ்சம் மெத்தனாலில் கரைத்துச் சேர்த்து, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். இறங்கவில்லை என்றால் மேலே மெதுவாக ஈதரை அடுக்காக விடலாம். முழுக் கரைசலையும் இப்படியே எடுத்தால் கணக்குப்படி அதிகபட்சம் 1.04 கிராம்.

வடிகட்டும்போதுதான் கடற்கரை ஈரம் கை வைக்கிறது. பம்பு உறிஞ்சும்போது ஈதர் ஆவியாகி வடிதாளில் உள்ள திண்மம் சில்லிடும். மண்டபம், பாம்பன் பக்கக் காற்று அதன் வழியே போனால் அதிலுள்ள ஈரம் அங்கேயே பனித்து இறங்கும். பொடி பிசுபிசுக்கும், சில நேரம் நிறமும் மாறும். ஈதர் முழுதும் உலரும் வரை உறிஞ்சவிடாமல், லேசாக நனைந்திருக்கும்போதே பம்பை நிறுத்தி, டெசிகேட்டருக்கு (ஈரம் நீக்கும் மூடிய கலம்) மாற்றி வெற்றிடத்தில் அறை வெப்பநிலையிலேயே உலர்த்துங்கள். அடுப்பு வேண்டாம். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி, மே மாதம் ராமநாதபுரத்தில் அலமாரியில் வைத்த புட்டியைத் திறந்தாலே சீறும். குளிரவைத்துத் திறக்கவும், பழைய புட்டியில் பெராக்சைடு சோதனை செய்யவும்.

இனி கார்பன் குறைவுக்கு வருவோம். டைஅசிட்டேட்டோ ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட்டின் மூலக்கூறு நிறை 522.3; கார்பன் 32.19, ஹைட்ரஜன் 5.79, நைட்ரஜன் 10.73 சதவீதம். ஒரு நீர் கூடச் சேர்ந்தால் 31.12, 5.97, 10.37. நீங்கள் சொல்லும் ஒரு சதவீதம் அப்படியே பொருந்துகிறது. ஆனால் எண்ணைப் பொருத்துவதற்காக நீரைச் சேர்த்து எழுதிவிட்டால் போதாது. வெப்ப எடையிழப்பில் 3.3 சதவீதம் இறங்குகிறதா என்று காட்டுங்கள். நூறு டிகிரிக்குக் கீழேயே போனால் படிகத்தில் ஒட்டிய நீர் அல்லது வெறும் ஈரம். மேலே போனால் கோபால்ட்டோடு பிணைந்த நீராக இருக்கலாம். அப்படியானால் அது ஓர் அசிட்டேட்டும் ஒரு நீரும் பிணைந்த அசிட்டேட்டோ-அக்குவா அணைவா என்ற கேள்வி எழும்.

அகச்சிவப்பு நிறமாலையில் ஆளைத் தடுமாறவைப்பது பெரும்பாலும் வில்லைதான். மாதிரியோடு அரைத்து வில்லையாக அழுத்தும் கே.பி.ஆர். (பொட்டாசியம் புரோமைடு) ஈரத்தை உறிஞ்சினால் 3400-இலும் 1640-இலும் நீர்ப்பட்டை எழும். 1640 உங்கள் கார்பாக்சிலேட்டின் சமச்சீரற்ற பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். குவியலுக்கு இதுவே முதல் காரணமாக இருக்கும். கே.பி.ஆரை 110 டிகிரியில் இரவு முழுக்கக் காயவைத்து, 1–2 மி.கி. மாதிரிக்கு 200 மி.கி. எடுத்து, வெறும் கே.பி.ஆர். வில்லையின் நிறமாலையையும் அதே நாளில் எடுங்கள். அரைக்கும்போது புரோமைடு எதிரயனியோடு இடம் மாறவும் கூடும். நுஜால் எண்ணெயில் குழைத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் 1377-இல் எண்ணெயின் பட்டை சமச்சீர்ப் பட்டையை மறைக்கும். 800–910 பகுதிக்கு மட்டும் நுஜால் போதும். பொடியை வில்லையாக்காமல் அப்படியே வைத்து எடுக்கும் ஏ.டி.ஆர். இணைப்பு கிடைத்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லாமல் அதிலேயே எடுத்துவிடலாம்.

இரண்டு கார்பாக்சிலேட் பட்டைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை வைத்துப் பிணைப்பு முறையைச் சொல்வது பழகிய வழி. சோடியம் அசிட்டேட்டில் 1578, 1414, இடைவெளி 164. ஒருமுனையாகப் பிணைந்தால் 200-க்கு மேல் போகும். இருமுனையாக ஒரே உலோகத்தைப் பிடித்தால் 164-ஐவிட நன்றாகக் குறையும். பாலமாக இருந்தால் அயனி மதிப்பை ஒட்டி நிற்கும். இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் சைக்லாமில் மோசம் போவீர்கள். ஒருமுனையாக ஒட்டிய அசிட்டேட்டின் மற்ற ஆக்சிஜன் வெறுமனே தொங்காது. வளையத்தின் என்–எச் பக்கம் திரும்பி ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொள்ளும். அதனால் சமச்சீரற்ற பட்டை கீழே இறங்கி இடைவெளி சுருங்கும், பார்ப்பவர் இருமுனை என்று எழுதிவிடுவார். நான்கு நைட்ரஜன் ஏற்கெனவே உள்ள கோபால்ட்(3)-க்கு இரண்டு இடம்தான் மிச்சம். இரண்டு அசிட்டேட்டும் இருமுனை என்றால் எட்டு ஒருங்கிணைப்பு, அது நடக்காது. முதலில் கணக்கு, பிறகு பட்டை.

மடிப்பைப் பற்றி: டிரான்ஸ் அணைவில் (வளையம் விரிந்து, மற்ற இரண்டு ஈனியும் எதிரெதிரே இருப்பது) 890–900 பக்கம் என்–எச் பட்டை (இரட்டையாகவும் தெரியலாம்), 810 பக்கம் மெத்திலீன் பட்டை ஒன்று என்று எளிமையாக இருக்கும். சிஸ் அணைவில் 840–890-இல் குறைந்தது மூன்று, 790–830-இல் இரண்டு என்று பிரியும். அசிட்டேட்டுக்குப் பதில் ஆக்சலேட் வைத்தால் கட்டாயம் சிஸ், ஏனென்றால் ஆக்சலேட்டின் இரண்டு முனையும் அடுத்தடுத்த இடத்தைத்தான் பிடிக்க முடியும். ஆனால் ஆக்சலேட்டுக்கே 820, 900 பக்கம் பட்டைகள் உண்டு. டிரிஸ் ஆக்சலேட்டோ கோபால்ட்டேட்டின் பொட்டாசியம் உப்பில் 822-லும் 900-லும் தெரியும். அவற்றையும் வளையத்தின் கணக்கில் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. விரிந்த சைக்லாம் மடிய வேண்டும் என்றால் என்–எச் புரோட்டான் கழன்று நைட்ரஜன் தலைகீழாகத் திரும்ப வேண்டும். அது காரத்தில்தான் நடக்கும். சிஸ் வேண்டுமென்றால் காரக்கரைசலில் சூடுபடுத்துங்கள், டிரான்ஸைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அமிலம் சேர்த்தது முதல் கடைசி வரை பி.எச். 5-க்குக் கீழே வைத்திருங்கள்.

சிஸ்-டிரான்ஸ் வழக்கைத் தீர்க்க எனக்குப் பிடித்தது கார்பன்-13 என்.எம்.ஆர். கோபால்ட்(3) குறைந்த சுழற்சி நிலையில் டயாகாந்தத் தன்மை கொண்டது, அதனால் கூர்மையான கோடுகள் வரும். டிரான்ஸில் வளையத்தின் பத்து கார்பனும் மூன்று கோட்டில் அடங்கிவிடும். வழக்கமான மடிந்த சிஸ் அமைப்பில் ஐந்து. அசிட்டேட்டுக்கு மேலும் இரண்டு. கோடுகள் பரந்து கிடந்தால் மாதிரியில் கோபால்ட்(2) ஒட்டியிருக்கிறது; கருவியைக் குறை சொல்லாமல் தயோசயனேட் சோதனைக்குத் திரும்புங்கள்.

குளோரைடு புகுந்ததா என்பதை நிறை நிறமாலை நேரடியாகக் காட்டும். டைஅசிட்டேட்டோ நேரயனி 377.16-இல் ஒற்றையாக நிற்கும். குளோரோ-அசிட்டேட்டோ 353.12-இல் வரும், கூடவே 355-இல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் துணைக்கோடு. டைகுளோரோ 329.07, 331, 333 என்று 9:6:1 விகிதத்தில். இந்தக் கருவி பக்கத்தில் இல்லாதவர்களுக்குச் சோதனைக்குழாய் வழி உண்டு. பிணைந்த குளோரைடு சில்வர் நைட்ரேட்டுக்கு உடனே பதில் சொல்லாது. கலங்கவில்லை என்பதால் குளோரைடு இல்லை என்று ஆகாது. சில மி.கி. பொருளை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். இவ்வகைக் குளோரோ அணைவுகள் காரத்தில் விரைவாகக் குளோரைடைக் கழற்றிவிடும். ஆறவைத்து, நைட்ரிக் அமிலத்தால் நன்றாக அமிலமாக்கி, பிறகு சில்வர் நைட்ரேட். வெண்கலங்கல் வந்தால் உள்ளே இருந்திருக்கிறது. பக்கத்திலேயே வெறும் நீரில் அதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். கழுவிய குடுவையில் ஒட்டிய குழாய்த் தண்ணீரே பொய்ச்சாட்சி சொல்லக்கூடும். கண்ணாடிப் பொருள்களைக் கடைசியாக இருமுறை வடித்த நீரில் அலசி, அந்த அலசல் நீரையும் சோதிப்பது இங்கே வழக்கமாகவே இருக்க வேண்டும்.

புற ஊதா-கட்புலன் நிறமாலைக்கு 3–5 மி.மோலார் கரைசல் எடுங்கள். எண்முகக் கோபால்ட்(3)-இன் டி–டி பட்டைகள் வலுக்குறைந்தவை. பச்சை டைகுளோரோவின் முதல் பட்டை 630–640 நா.மீ. அளவில், மோலார் உட்கவர் திறன் 40 சுற்றி. அசிட்டேட் குளோரைடைவிட வலுவான புலம் தருவதால் முதல் பட்டை குறைந்த அலைநீளத்துக்கு நகரும். சிவப்பூதாவுக்குக் காரணம் அதுதான். 600–700-இல் சில நூறு மதிப்புள்ள பட்டை வந்தால் நான்முக டெட்ராகுளோரோ கோபால்ட்டேட்(2) எதிரயனியாகக் கூட வந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள். குளோரைடு வழியில் உலோகம் கூடிப்போனால் அது நடக்கும். நிறம் அழகாக இருக்கும், காந்தத் தராசு காட்டிக்கொடுத்துவிடும்: தூய கோபால்ட்(3) என்றால் காந்தத் திருப்புத்திறன் ஏறத்தாழ பூச்சியம், அந்தக் கலப்பு உப்பில் பாராகாந்தம்.

கடத்துத்திறனுக்கு 13.1 மி.கி. பொருளை 25 மி.லி. அசிட்டோநைட்ரிலில் கரைத்தால் 1 மி.மோலார். ஒன்றுக்கு ஒன்று மின்பகுளி (ஒரு நேரயனிக்கு ஓர் எதிரயனி) என்றால் மோலார் கடத்துத்திறன் 120–160 S cm² mol⁻¹ வரும். நீரில் எடுத்தால் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும் என்பதை நினைவில் வைத்து 25 டிகிரிக்குத் திருத்துங்கள். நம் ஊர் ஆய்வக அறை அந்த வெப்பநிலையில் இருப்பது அபூர்வம்.

படிகம் கிடைத்தால் மேலே சொன்ன வாதம் எல்லாம் சுருங்கிவிடும். அசிட்டோநைட்ரில் கரைசலைச் சிறு குப்பியில் விட்டு, ஈதர் உள்ள பெரிய குப்பிக்குள் வைத்து, மூடியில் கிரீஸ் தடவி அடையுங்கள். மூடி தளர்ந்தால் ஈரம் புகுந்து எண்ணெயாகப் பிரியும். காரைக்குடிக்கோ சென்னைக்கோ அனுப்பும்போது தாய்க்கரைசலிலேயே வைத்து அனுப்புங்கள், உலர்த்தி அனுப்பாதீர்கள்.

சைக்லாம் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு ஒரு வழி: எத்திலீன்டைஅமீனும் அசிட்டோனும் அமில உப்பாகச் சேர்ந்து உருவாகும் ஆறு மெத்தில் கொண்ட டையீன் வளையம். 20 மி.லி. எத்தனாலில் எத்திலீன்டைஅமீன் 6.6 மி.லி., பனிக்கட்டியில் வைத்து 48 சதவீத ஹைட்ரோபுரோமிக் அமிலம் 11.3 மி.லி. சொட்டுச் சொட்டாக, பிறகு அசிட்டோன் 30 மி.லி.; மூடி இரண்டு மூன்று நாள் விட்டால் வெண்படிகம். ஹைட்ரோஅயோடிக் அமிலத்திலும் இது வரும், ஆனால் அயோடைடு கோபால்ட்(3)-ஐ ஒடுக்கப் பார்க்கும் என்பதால் புரோமைடே மேல். அந்தப் புரோமைடும் அணைவுக்குள் போட்டியிடும். கோபால்ட்டோடு சேர்க்கும் முன் உப்பிலிருந்து வளையத்தைக் காரத்தால் விடுவித்துக்கொள்ள வேண்டும். அகச்சிவப்பில் இதன் இமீன் (கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு) பட்டை 1660 சுற்றி வரும், கார்பாக்சிலேட்டுக்கு வெகு அருகில். டைஅமீனையும் டைகார்பாக்சிலிக் அமிலத்தையும் உலோக உப்போடு கொதிக்கவைத்து, இரண்டு அகச்சிவப்புப் பட்டையை மட்டும் காட்டி பெருவளையம் உருவானது என்று எழுதும் கட்டுரைகளைப் பின்பற்றாதீர்கள். நிறை நிறமாலையோ படிக அமைப்போ இல்லாமல் வளையம் மூடியது என்று சொல்ல வழியில்லை.

கழிவு விஷயம். கோபால்ட் கரைசலில் காரம் ஊற்றி ஹைட்ராக்சைடாக வீழ்த்திவிட்டு மேல்நீரைக் கொட்டுவது வழக்கம். சைக்லாமுக்குள் இருக்கும் கோபால்ட்(3) காரத்துக்கு வீழாது, நிறத்தோடு கரைசலிலேயே நிற்கும். வெளியே இருப்பது மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம். மணலில் ஊற்றினால் அங்கேதான் போய்ச் சேரும். தாய்க்கரைசல்களைத் தனிக் கேனில் சேர்த்து, பெர்குளோரேட் கலக்காமல், புகைபோக்கிப் பெட்டிக்குள் திறந்த தட்டில் ஆவியாகவிட்டு, மிஞ்சும் திண்மத்தைப் பெயர் ஒட்டி அபாயக் கழிவாக ஒப்படைக்கவும். பெர்குளோரேட் உள்ளதை ஆவியாக்காமல் நீர்த்த கரைசலாகவே தனிப்புட்டியில் வையுங்கள்.